கப்பல்காரி வாங்கிய பிள்ளை

கூகுவாவிடம் கென்கே வாங்கப் போகிறவன் வாயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. "இன்னைக்கு மீன் சின்னதா இருக்கே" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். "கடல்ல இறங்கிப் பெரிய மீனைக் கூப்பிடு, வந்தா பொரிச்சுத் தரேன்" என்பாள். கஸ்டம்ஸ் ஆபீசர் என்றும் பார்க்க மாட்டாள், மூட்டை தூக்குகிறவன் என்றும் பார்க்க மாட்டாள். எல்லாருக்கும் ஒரே திட்டு, ஒரே அளவு மிளகாய்.

தகோராடித் துறைமுகத்தின் பெரிய கேட்டுக்கு எதிரே, லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் அவள் கடை. கடை என்றால் ஒரு மேசை, மேலே தகரம், பின்னால் அடுப்பு. புளித்த சோள மாவை வாழைச் சருகில் கட்டி அவித்த கென்கே ஒரு பெரிய அண்டாவில் ஆவி பறந்துகொண்டிருக்கும். பக்கத்தில் பொரித்த மீனும் அரைத்த மிளகாயும். நான் டாக்சி ஓட்டுகிறவன், பெயர் ஃபிஃபி. என் வண்டி சவாரிக்கு நிற்பதும் அந்தக் கேட்டில்தான். பல வருஷமாக என் மதியச் சாப்பாடு கூகுவா கையால்தான். என் மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம், நிறைய நிம்மதி.

இத்தனை வாய் உள்ளவளுக்கு ஒரே ஒரு தடவை பேச்சு வராமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

கூகுவா ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்தி மெதடிஸ்ட் சர்ச்சில் பாடுகிறவள். குரல் சுமார்தான், ஆனால் சத்தத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். புருஷன் அபேக்கா மீன்பிடிக் கப்பலில் வேலை. தேமா துறைமுகத்திலிருந்து போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. நல்ல மனுஷன். வீட்டில் இருக்கிற நாட்களில் பேசாமல் இருப்பான், அவன் பங்குக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

முதல் பிள்ளை பெண். உட்காரப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. போகிற வருகிற நாங்கள் எல்லாம் கடைக்கு வந்து நின்று என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு கென்கே கூடுதலாக வாங்கிக்கொண்டு போனோம். அவள் எங்களைத் திட்டாமல் கட்டிக் கொடுத்தாள். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

எங்கள் பக்கம் இப்படித் தங்காமல் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அடுத்த பிள்ளை பிறந்ததும் அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும். ஊரும் உறவும் இல்லாத ஒருவர் அதைக் கண்டெடுத்து, சல்லிக்காசு கொடுத்து வாங்கி, யாரும் ஆசைப்படாத பேராக ஒன்று வைத்து, "என் பொருள், வளர்த்து வை" என்று கொடுக்க வேண்டும். பெற்றவள் "இது என்னுடையது இல்லை" என்று நாலு பேர் கேட்க வாயால் சொல்லிக் கையில் வாங்க வேண்டும். அப்புறம் சாவு தேடிக்கொண்டு வந்தால், அவளிடம் பிள்ளையே இல்லை, யாருடையதோ ஒரு குப்பைதான் கிடக்கிறது. திரும்பிப் போய்விடும். இதையெல்லாம் நம்புகிறாயா என்று என்னைக் கேட்டால், நான் நம்புவது என் வண்டி பிரேக்கை மட்டும்தான். ஆனால் என் சொந்தச் சித்தப்பா ஒருவருக்குக் குப்பைமேடு என்றுதான் பெயர். தொண்ணூறைத் தாண்டிப் பிடிவாதமாக இருக்கிறார்.

இரண்டாவது பிள்ளைக்குக் கூகுவா அதைச் செய்தாள். சர்ச்சுக்குத் தெரியாமல்தான். வடக்கேயிருந்து வந்து, பாக்கு மாதிரி மெல்லுகிற கோலாக்கொட்டை விற்கும் ஒருவன் கேட்டருகே கூடையோடு போய்க்கொண்டிருந்தான். அவன்தான் வாங்கினான். எல்லாம் முறைப்படி நடந்தது. பிறகு பார்த்தால் அந்த மனுஷன் ரயில்வே லைனுக்குப் பின்னால் குடியிருக்கிறான், அவன் பெண்டாட்டியின் பிறந்த வீடு கூகுவாவின் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. தான் வாங்கிய பிள்ளை என்று பாசம் வேறு. வாரம் தவறாமல் வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான். பல் முளைக்கும் முன் அந்தப் பிள்ளையும் போனது.

"அந்நியன்னு நம்பிக் குடுத்தேன், நீ சம்பந்தி மாதிரி வந்து வந்து நிக்கிறியே!" என்று அவனை அவள் நடுரோட்டில் வைத்துக் கேட்டபோது அவன் கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கோலாக்கொட்டை விற்க அவன் வரவே இல்லை. அவன் மேல் என்ன தப்பு? ஆனால் அதைக் கூகுவாவிடம் யார் சொல்வது?

மூன்றாவது ஆண். மழைக்காலத்தில் பிறந்தான். ஆஸ்பத்திரி ஊசி ஒன்றைக்கூட அவள் விடவில்லை, கொசுவலையை மூன்று மடிப்பாகக் கட்டினாள். எங்கள் பக்கம் பிறந்த கிழமைக்கு ஒரு பேர் உண்டு, சனிக்கிழமை பிறந்ததால் க்வாமெனா என்ற பேர் தானாக ஒட்டிக்கொண்டது. வேறு பேர் வைக்க யாரையும் விடவில்லை. பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தவள், முதல் நாளே என்னைக் கூப்பிட்டாள்.

"ஃபிஃபி, வர்ற கப்பல் எல்லாம் உனக்குத் தெரியும்ல?"

"எதுக்கு? பிள்ளையை ஏத்தி அனுப்பப் போறியா?"

"வாயைக் கழுவு. இந்தத் தடவை வாங்குறவங்க தண்ணியைத் தாண்டிப் போயிடணும். போனா திரும்பி வரக் கூடாது. கன்னத்தைக் கிள்ள வரக் கூடாது."

"அப்ப மாலுமி யாரையாவது பிடிச்சா ஆச்சு. தினம் ஒருத்தன் உன்கிட்ட மீன் திங்கிறான்."

"மாலுமியா? மாலுமி திரும்பி வருவான்டா. சில பேர் இங்கயே ரெண்டு பெத்துக்கிட்டு உக்காந்துடுறாங்க. எனக்குப் போறவங்க வேணும்."

யோசித்துப் பார்த்தேன். உலகத்தைச் சுற்றிக்கொண்டே பாடம் நடத்துகிற ஒரு படிப்புக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வரப்போவதாகப் பேச்சு இருந்தது. பிள்ளைகுட்டியோடு குடும்பம் குடும்பமாக வாத்தியார்கள் அதில் வருவார்கள், ஊரைப் பார்ப்பார்கள், மறுநாள் போய்விடுவார்கள். ஒருதரம் வந்தவர்களை மறுபடி நான் பார்த்ததே இல்லை. அதைச் சொன்னதும் கூகுவா எனக்கு ஒரு மீன் இலவசமாக வைத்தாள். அது அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவை. சின்ன மீன்தான்.

கப்பல் வந்தது. மறுநாள் காலை கேட்டில் என் வண்டியில் ஏறியது ஒரு ஹாலந்துக் குடும்பம். மரைக்கே என்கிற அம்மாள்தான் கப்பலில் வாத்தியார், கடலைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறவள். புருஷன் யோஸ்ட், வாட்டசாட்டமான ஆள், முன் சீட்டில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டான். சன்னா என்று ஒரே மகள், பள்ளிக்கூட வயசு, கேள்விக்கு மேல் கேள்வி. எல்மினாக் கோட்டைக்குப் போக வேண்டும், சாயந்திரம் கப்பல் கிளம்பும் முன் திரும்ப வேண்டும் என்றார்கள். போகும் வழியெல்லாம் ஆட்டைப் பற்றிக் கேட்டாள் அந்தப் பெண், லாரியின் பின்னால் எழுதியிருப்பதைப் பற்றிக் கேட்டாள். நல்ல குடும்பம் என்று எனக்குப் பட்டது. இவர்களையே கேட்டுவிடலாம் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

கோட்டைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் போகும்போது பேசுவார்கள், வரும்போது பேச மாட்டார்கள். எங்கள் டாக்சி ஸ்டாண்டில் இது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான். உள்ளே சுவரில் தங்கள் டச்சு மொழியில் எழுதியிருந்ததை மரைக்கே யாரையும் கேட்காமல் தானே படித்தாளாம், சன்னா சொன்னாள். வேதாகம வரி என்றாள். அப்புறம் அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ரேடியோவைப் போட்டேன், யோஸ்ட் அணைக்கச் சொன்னான். அணைத்துவிட்டு, கூகுவா விஷயத்தை இவர்களிடம் எப்படி ஆரம்பிப்பது என்ற யோசனையிலேயே ஓட்டினேன்.

திரும்பி வந்ததும் கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, "பசிக்கும், இங்க சாப்பிட்டுட்டுக் கப்பலுக்குப் போலாம்" என்றேன். தகரத்தின் கீழ் உட்கார்ந்தார்கள். சன்னா கையாலேயே கென்கேயைப் பிட்டு மிளகாயில் தொட்டுச் சாப்பிட்டதைப் பார்த்துக் கூகுவாவுக்கு ஒரே சந்தோஷம். யோஸ்டுக்குப் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அந்த ஆளுக்குத் தண்ணி குடு ஃபிஃபி" என்றாள் கூகுவா. "கப்பல்ல ஏறுற வரைக்குமாவது உசுரோட இருக்கட்டும். என் கடைப் பேரைக் கெடுத்துடப் போறான்."

நான் இதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. ஆனாலும் மரைக்கே சிரித்தாள். கோட்டையிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். கூகுவா முதுகிலிருந்து எட்டிப் பார்த்த தலையைப் பார்த்து, பேர் என்ன என்று கேட்டாள்.

"இன்னும் வைக்கலைன்னு சொல்லு" என்றாள் கூகுவா. "அவதான் வைக்கணும்னு சொல்லு. மிச்சத்தையும் சொல்லு."

மிச்சத்தையும் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். போன பிள்ளைகளைப் பற்றி, குப்பையைப் பற்றி, காசைப் பற்றி, திருப்பிக் கொடுப்பதைப் பற்றி. வாத்தியார் இல்லையா, கவனமாகக் கேட்டாள், நடுவில் இரண்டு சந்தேகம்கூடக் கேட்டாள். எல்லாம் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. அதனால்தான் சிக்கல்.

தட்டைக் கீழே வைத்தாள்.

"காலையில நீங்கதானே என்னை அந்தக் கோட்டை வாசலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?" என்றாள் என்னிடம். "எங்க நாட்டுக்காரங்க இங்க மனுஷங்களைக் காசு குடுத்து வாங்கி, அந்த வாசல் வழியாத்தான் கப்பல்ல ஏத்தினாங்க. நானும் கப்பல்லதான் வந்திருக்கேன். என்னைப் போய் ஒரு குழந்தையை விலை குடுத்து வாங்கச் சொல்றீங்களா? விளையாட்டுக்குக்கூட என்னால முடியாது. மன்னிச்சுக்குங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்குக் கோட்டை என்பது ஒரு சவாரி. நல்ல சவாரி. கென்கே என்பது சாப்பாடு. பிள்ளை விஷயம் வேறு. காலையில் அங்கே கூட்டிப்போய்விட்டுச் சாயந்திரம் இதைக் கேட்கிறோமே என்று எங்கள் ஸ்டாண்டில் ஒருத்தனுக்கும் தோன்றியிருக்காது, எனக்கும் தோன்றவில்லை.

யோஸ்ட் எழுந்துவிட்டான். தெரியாத ஊரில் குழந்தை சம்பந்தப்பட்ட எதிலும் தலையிடக் கூடாது, கப்பலுக்கு நேரமாகிவிட்டது, போகலாம் என்றான். சாப்பிட்டதற்குக் காசு வைத்தான், கணக்குக்கு மேலேயே வைத்தான். மூன்று பேரும் ரோட்டைத் தாண்டிக் கேட்டைப் பார்த்து நடந்தார்கள். சன்னா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சொல்றா?" என்றாள் கூகுவா.

சொன்னேன். அடுப்பிலிருந்த மீனைப் புரட்டிப் போட்டாள். சரி, விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் மீன் புரட்டும் கரண்டியோடு, முதுகில் பிள்ளையோடு, லாரிகளுக்கு நடுவில் புகுந்து ஓடினாள். ஒரு லாரி கிரீச்சிட்டு நின்றது. அதன் டிரைவருக்கும் போகிற போக்கில் ஒரு திட்டு விழுந்தது. நான் பின்னால் ஓடினேன்.

கேட்டுக்கு முன்னால் மரைக்கேயை மறித்துவிட்டாள்.

"ஃபிஃபி, ஒரு வார்த்தை விடாம சொல்லு. ஏன்டி, அன்னைக்கு வாங்கினவங்க யாராவது திருப்பிக் குடுத்தாங்களா? ஒருத்தராவது? நான் உன்கிட்ட, வாங்கிட்டுத் திருப்பிக் குடுன்னு சொல்றேன். உங்க ஆளுங்க செய்யாததைத்தான் செய்யச் சொல்றேன். அதுக்கும் கை வலிக்குதா?"

அந்த 'டி'யை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே சொன்னேன். எனக்குப் பயம்தான். கேட் காவல்காரர் வேறு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரைக்கே அவள் முதுகில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். "இதுக்கு முன்னாடி எத்தனை?" என்று கேட்டாள்.

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கூகுவாவே இரண்டு விரலைக் காட்டினாள். காட்டிய கையை இறக்கியவள், அதைப் பின்னால் கொண்டுபோய்த் துணிக்கு வெளியே தொங்கிய பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மரைக்கே புருஷனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், கப்பலைப் பார்த்தான், பிறகு பெருமூச்சு விட்டு அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். அவ்வளவுதான். எது அவள் மனதை மாற்றியது என்று எனக்குத் தெரியாது. கூகுவாவின் வாய்தான் காரணம் என்று ஸ்டாண்டில் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பாதம்தான் என்று தோன்றும்.

கடைக்குப் பின்னால் பிரித்துப் போட்ட வாழைச் சருகு ஒரு குவியலாகக் கிடக்கும். அங்கேதான் பிள்ளையைப் போட வேண்டும். கூகுவா துணியை அவிழ்த்துப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு காலால் குவியலைத் தள்ளித் தள்ளி மீன் முள் இருக்கிறதா என்று பார்த்தாள். எறும்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். நல்ல சருகாக நாலு எடுத்து மேலே பரப்பினாள்.

"குப்பையில போடுறியா, மெத்தை போடுறியா?" என்று ஒரு லாரிக்காரன் கேட்டான். அதற்குள் அங்கே ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது.

"உன்னைப் போட்டப்ப உங்கம்மா பார்க்காம போட்டுட்டா போல. அதான் மூஞ்சி அப்படி இருக்கு" என்றாள் அவள். பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பி, அடுப்பு பக்கம் போய் நின்றுகொண்டாள். பார்க்கக் கூடாது.

மரைக்கே போய், தற்செயலாகப் பார்த்தவள் மாதிரி நின்று, குனிந்து பிள்ளையை எடுத்தாள். கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்துப் பதமாக எடுத்தாள். கைப்பையிலிருந்து ஒரு பெரிய நோட்டை உருவினாள்.

"ஐயோ, வேணாம், வேணாம்!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினாள் கூகுவா, யாரோ பக்கத்தில் நின்று அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். "அவ்வளவு குடுத்தா நிஜமாவே வித்த மாதிரி ஆயிடும்! ஒண்ணுக்கும் உதவாத காசு குடுக்கச் சொல்லு!"

ஒண்ணுக்கும் உதவாத காசு மரைக்கேயிடம் இல்லை. சன்னா தன் சட்டைப் பையைத் துழாவி அவர்கள் ஊர்ச் செப்புக்காசு ஒன்றை எடுத்தாள். எங்கள் ஊரில் அதற்கு ஒரு மிளகாய்கூட வராது. எல்லாருக்கும் திருப்தி.

அடுத்தது பேர். மரைக்கே தன் அப்பா பேரை வைக்கிறேன் என்றாள். மரியாதையாகச் சொன்னாள், அதனால் மறுக்கவே கஷ்டமாக இருந்தது. "மேடம், நல்ல பேர் வேண்டாம். கேட்டா யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத பேரா வேணும்" என்றேன். அவள் யோசித்தாள். வாத்தியார்களுக்கு இது வராது போலிருக்கிறது. சன்னாதான் சட்டென்று, "க்ளோம்ப்" என்றாள். மரத்தைக் குடைந்து செய்கிற செருப்பாம், அவர்கள் தாத்தா காலத்தில் மாட்டுத்தொழுவத்துக்குப் போட்டுக்கொண்டு போவார்களாம். செருப்பு, அதுவும் சாணி மிதிக்கிற செருப்பு. கேட்டதும் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. யோஸ்ட்கூடச் சிரித்தான். கூகுவா முதுகைக் காட்டிக்கொண்டே தலையை ஆட்டினாள்: நல்ல பேர்.

பிறகு வாங்கியவள் தன் பொருளை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நிஜமாகவே கொண்டுபோகிறாள் என்று தெரிகிற தூரம் போக வேண்டும். மரைக்கே பிள்ளையோடு ரோட்டைத் தாண்டிக் கேட் வரைக்கும் போனாள். கேட்டுக்கு உள்ளே அவர்களுடைய கப்பல் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஊதியது. எங்கள் காதுக்குப் பழகிய சத்தம்தான். பிள்ளை அதில் பயந்து வீறிட்டு அழ ஆரம்பித்தது.

கூகுவா ஒரு கென்கேயைச் சருகில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்ததைப் பிரித்து மறுபடி சுற்றினாள். திரும்பவும் பிரித்தாள். ரோட்டின் அந்தப் பக்கம் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. தூக்கிக்கொண்டு அந்தக் கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அசட்டு நினைப்புதான். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது வந்திருக்கும்.

மரைக்கே திரும்பி வந்தாள். கூகுவா முன்னால் நின்று, நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை எங்கள் பாஷையில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்: "இது என் பொருள். எனக்காக வளர்த்து வை."

இப்போது கூகுவா சொல்ல வேண்டும்.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக அழுதது. கையை நீட்டிவிடாமல் இருக்க இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு கூகுவா, கப்பல் போயிடும்" என்றேன்.

"எங்களைத் திட்டுறதுக்கு மட்டும் வண்டி வண்டியா வருது. இப்ப என்ன?" என்றான் அந்த லாரிக்காரன். கேலியாக ஆரம்பித்தவன் குரல் பாதியிலேயே இறங்கிப்போனது.

அவள் மாராப்புத் துணியின் முன்பக்கம் நனைந்திருந்தது. பிள்ளை அழுத அழுகைக்குப் பால் தானாகச் சுரந்து, துணியில் ஊறிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை மறைக்கவில்லை. மறைக்க வேண்டுமென்றால் மேசையை விட வேண்டுமே. ஆண்கள் நாங்கள் தரையைப் பார்த்தோம். அத்தனை பேர் முன்னால் "இவன் என்னுடையவன் இல்லை" என்று அவள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இவ்வளவும் வீண், அடுத்த காய்ச்சலுக்கு இவனும் போவான். அவள் அப்படித்தான் நம்பினாள். நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தாள்.

மரைக்கே அந்த ஈரத்தைப் பார்த்தாள். ஒரு அடி கிட்டே வந்தாள். "சொல்லுங்க" என்றாள் மெதுவாக, அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "நீங்க சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். கூகுவா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இது என் பிள்ளை இல்ல" என்றாள். கேட்டின் அந்தப் பக்கம் வரை கேட்கிற குரல், சர்ச்சில் பாடுகிற குரல். "எனக்கு இவன் யாரும் இல்ல. உன் பொருள். கஞ்சி ஊத்தி வளர்க்கிறேன்."

கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். மரைக்கே சன்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே நடந்தாள். அந்தப் பெண் டாட்டா காட்டத் துடித்தது தெரிந்தது. அம்மா கையை விடவில்லை. யோஸ்ட் மட்டும் என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு அவர்கள் பின்னால் ஓடினான். கேட்டுக்குள் போனார்கள். அப்புறம் அவர்களை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, ஒரு கடிதம் இல்லை, ஒரு படம் இல்லை. கூகுவா கேட்டது அதைத்தான்.

அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக் கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்து பால் கொடுத்தாள். கடையை நான் பார்த்துக்கொண்டேன். ஒருவனுக்கு மீன் எடுத்து வைத்தபோது, "அதுல கையை முக்காத, கரண்டி எதுக்கு இருக்கு? உன் டாக்சி அழுக்கெல்லாம் என் மீனுக்கா?" என்று முதுகுப் பக்கமிருந்து குரல் வந்தது. வாழ்க்கையில் ஒரு திட்டு இவ்வளவு இனிப்பாக எனக்கு இருந்ததில்லை.

க்ளோம்ப் இருக்கிறான். காய்ச்சல் வந்தது, போனது. அம்மை வந்தது, போனது. பல் முளைத்தது, விழுந்தது, மறுபடி முளைத்தது. இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறான், கால் இரண்டும் கொக்குக்கால். இவ்வளவு வளர்ந்துவிட்டால் போதும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். நாலு பேருக்குச் சாப்பாடு போட்டு, இவன் என் மகன் என்று சொல்லி எடுத்துக்கொள்ளலாம். அபேக்காகூட ஒருமுறை கடலிலிருந்து வந்தபோது அதைக் கேட்டான். வாயே திறக்காதவன் திறந்து கேட்டான். கூகுவா சம்மதிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தனை காலத்துக்கு இப்படி? உன் பிள்ளையை உன் பிள்ளைன்னு சொல்ல உனக்கு ஆசையா இல்லையா?" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "நான் சொல்லி, மறுநாள் அவனுக்கு உடம்பு சுட்டா, நீ பொறுப்பா ஃபிஃபி?" என்றாள். "ஆசையை நான் வச்சுக்கிறேன். அவன் உசுரோட இருக்கட்டும்."

தூக்கத்தில்கூட அவனை அவள் மகனே என்று கூப்பிட்டதில்லை என்று அபேக்கா சொன்னான்.

பள்ளிக்கூடம் விட்டு அவன் லாரிகளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, ரோட்டைத் தாண்ட வழி பார்த்துக்கொண்டே "அம்மா!" என்று கூப்பிடுவான்.

"யாருடா உனக்கு அம்மா? உங்கம்மா கப்பல்ல போயிட்டா!" என்று துறைமுகம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள் கூகுவா. கத்திக்கொண்டே கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து, லாரிகளைக் கையைக் காட்டி நிறுத்திக்கொண்டு அவனிடம் ஓடுவாள். ஒரு நாள்கூட அவள் நடந்து போய் நான் பார்த்ததில்லை.